100/90 வாட் ஹெட்லைட் பல்பு போட்டும் பழைய மாருதி 800-இல் வெளிச்சம் மங்கலாக இருப்பது ஏன்?

பல்பு மேல் சந்தேகப்படாதீங்க, வயரைப் பாருங்க. அந்த வண்டியோட ஹெட்லைட் வயரிங், ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55 வாட் இழுக்கிற எச்4 பல்புக்காக (ஹை, லோ ரெண்டும் ஒரே பல்பில் இருக்கும் வகை) போட்டது. ஹை பீமில் ஒரு பல்பு 5 ஆம்பியர் இழுத்த இடத்தில் இப்போ 8-க்கு மேல் இழுக்குது. இருபது முப்பது வருஷப் பழைய வயர், ஸ்விட்ச், துரு ஏறின எர்த் (கரண்ட் பாடி வழியா பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) எல்லாம் வழியிலேயே வோல்டேஜைத் தின்னுடும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைஞ்சாலே வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் போயிடும்.

இன்ஜின் ஓட, லைட் எரிய, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றை பல்புக்கு வரும் பிளஸ்ஸிலும் வையுங்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினா அந்தப் பக்க வயரில் கோளாறு. இதே மாதிரி பேட்டரி மைனஸுக்கும் பல்பின் எர்த்துக்கும் நடுவிலும் பாருங்க. எர்த்தில் காட்டினா, பாடியில் போல்ட் போட்ட இடத்தை உப்புத்தாளால் தேய்ச்சு பளபளன்னு ஆக்கி மறுபடி முடுக்கினாலே பாதி வேலை முடிஞ்சுது.

ஹோல்டரைக் கழற்றி முகர்ந்து பாருங்க. பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகின வாடை வந்தா உடனே மாத்தணும். செராமிக் ஹோல்டர் நல்லது.

நிரந்தரத் தீர்வு ரிலே, அதாவது சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஆன், ஆஃப் பண்ற ஸ்விட்ச். பேட்டரியிலிருந்து நேரா தடிமனான வயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், ஹை, லோ ரெண்டுக்கும் தனித்தனி ரிலே. பழைய வயர் ரிலேயை இயக்க மட்டும்தான்.

என்னைக் கேட்டா, ரிலே போட்டு 60/55 பல்புக்கே திரும்பிடுங்க. எதிரே வர்றவர் கண்ணும் கூசாது.