கேட்டதும் சொன்னதும்: ஒரு பாகத்துக்கு ஒரே ஆள்

ஐயா, எட்டே பேர் பாடுவதைக் கொயர் (பாடகர் குழு) என்று ஒப்புக்கொள்ள முடியுமா? நாற்பது பேராவது நின்றால்தானே கம்பீரம்?
— வாசகர், பாளையங்கோட்டை

நானும் உங்கள் கட்சிதான், வெகுகாலம். கிறிஸ்தவக் கோயில் கொயரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பேஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல், பாடியவன். எங்கள் வரிசையில் ஒன்பது பேர். சுரம் தெரியாத இடம் வந்தால் வாயை மட்டும் அசைப்பேன். பக்கத்தில் நிற்கும் அண்ணன் பாடிவிடுவார். கேட்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆளுக்கு ஒரு பாகம் என்று பாடும் சிறு குழுவில் அந்தச் சலுகை கிடையாது. ஒருவர் தவறான இடத்தில் மூச்சு வாங்கினால் அந்தப் பாகமே காணாமல் போகும்.

கம்பீரம் குறைகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஈடாகக் கிடைப்பது சுருதி. நன்றாகச் சேர்த்த தம்புராவை மீட்டினால், யாரும் பாடாமலே ஒரு காந்தாரம் (சரிகமவில் வரும் 'க') உள்ளிருந்து பேசும் அல்லவா? பியானோவின் காந்தாரம் அதைவிடச் சற்று ஏறியிருக்கும். ஓர் அரைச்சுரத்தை (பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியை) நூறு பங்காக்கினால் ஏறத்தாழ 14 பங்கு. துணைக்கருவி இல்லாமல் பாடும் நான்கு தேர்ந்த குரல்கள் பியானோவை மறந்துவிட்டுத் தம்புராவின் காந்தாரத்தில் போய் அமர முடியும். நாற்பது பேர் பாடும்போது ஆளுக்கொரு மயிரிழை விலகுவார்கள். கோடு தடித்துவிடும்.

என் பேத்தி ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். ஆணும் பெண்ணுமாக யாருக்கோ வழி சொல்வதுபோல் பேசுகிறார்கள். திடீரென்று எல்லோரும் ஒன்றாகப் பாடுகிறார்கள். பிறகு முனகல், பெருமூச்சு. இதற்குப் பெரிய பரிசெல்லாம் கொடுத்தார்களாமே?
— வாசகி, கோயம்புத்தூர்

கொடுத்தார்கள் அம்மா, 2013-இல், அமெரிக்காவின் புலிட்சர் பரிசு. எழுதிய கேரோலைன் ஷாவுக்கு அப்போது வயது 30. இசைக்கான அந்தப் பரிசை அதுவரை வாங்கியவர்களில் அவரே இளையவர். படைப்பின் பெயர் 'பார்ட்டிட்டா ஃபார் எய்ட் வாய்சஸ்'. பாடும் குழு 'ரூம்ஃபுல் ஆஃப் டீத்'. அறை நிறையப் பற்கள்! பிராட் வெல்ஸ் என்பவர் 2009-இல் அமெரிக்காவில் தொடங்கியது. ஷா வெளியிலிருந்து எழுதிக்கொடுத்தவர் அல்லர். அந்த எட்டுப் பேரில் ஒருவராக நின்று பாடியவர். யாருடைய தொண்டை எந்த இடத்தில் கரகரக்கும் என்று தெரிந்து எழுதியிருக்கிறார். தையற்காரர் தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அளவெடுக்காமலே தைப்பதுபோல.

நான்கு பகுதிகள்: அல்மாண்ட், சரபாண்ட், கூராண்ட், பாசகாலியா. எல்லாம் பழைய ஐரோப்பிய நடனக் காலத்துப் பெயர்கள். உங்கள் காதில் விழுந்த 'வழி சொல்லும்' பேச்சில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. ஒன்று, அமெரிக்கக் கிராமத்து நடனத்தில் ஒருவர் நின்றுகொண்டு ஆடுபவர்களுக்குக் கொடுக்கும் குரல். இன்னொன்று சோல் லெவிட் என்ற ஓவியர் எழுதிவைத்த குறிப்புகள். அந்த மனிதர் சுவர் ஓவியங்களைப் பெரும்பாலும் தன் கையால் வரையவில்லை. எப்படி வரைய வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிடுவார், மற்றவர்கள் வரைவார்கள். அவரது 305-ஆம் சுவர் ஓவியம் நூறு புள்ளிகளை எங்கெங்கே வைப்பது என்ற விவரமேதான். புள்ளிக் கோலத்துக்கு வழி சொல்லிக்கொடுத்து வளர்ந்த நமக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. மாசச்சூசெட்ஸில் பழைய தொழிற்சாலைக் கட்டடங்களில் இயங்கும் மாஸ் மோகா கலைக்கூடத்தில் லெவிட்டின் சுவர்கள் உள்ளன. குழு கோடைகாலங்களில் தங்கிப் பயின்றதும் அங்கேதான்.

முதல் தடவை கேட்டபோது நான் எரிச்சலோடு நிறுத்திவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் தடவைதான், பலர் ஒரே நேரத்தில் பேசிப் பேசி இரைச்சலாகி, அந்த இரைச்சல் ஒரே கணத்தில் சுரக்கூட்டாக மாறும் இடத்தில் எழுந்து உட்கார்ந்தேன். பேத்தியிடம் இன்னொரு முறை போடச் சொல்லுங்கள்.

அதே குழு பிற இனத்தாரின் பாட்டு முறைகளைத் திருடிவிட்டது என்று படித்தேன். உண்மையா?
— வாசகர், மதுரை

'திருட்டு' என்ற சொல்லை நான் எழுத மாட்டேன். ரஷ்யாவின் துவா பகுதித் தொண்டைப் பாட்டு முதல், குரலைச் சட்டென்று ஏற்றி இறக்கும் மலைநாட்டு யோடல் வரை ஆசிரியர்களை அழைத்து முறையாகக் கற்றுக்கொண்ட குழு அது. கூராண்ட் பகுதியில் வடதுருவப் பகுதியில் வாழும் இன்யூட் இனப் பெண்களின் கட்டஜாக் ஒலிக்கிறது. இரண்டு பெண்கள் நெருக்கமாக எதிரெதிரே நின்று, மூச்சாலும் தொண்டையாலும் மாறி மாறி ஒலி எழுப்புவார்கள். யாருக்கு முதலில் சிரிப்பு வருகிறதோ அவர் தோற்றார். கனடாவின் இன்யூட் பாடகி டான்யா டகாக், குழு கட்டஜாக்கை எடுத்தாண்டதை 2019-இல் வெளிப்படையாகக் கண்டித்தார். என் கட்சி டகாக் பக்கம்தான். வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டால் போதுமா? நாளைக்கு நம் ஒப்பாரியை யாராவது எடுத்துப் பாடிப் பரிசு வாங்கி, அது எந்த ஊர் அழுகை என்று சொல்லாமல் விட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

இந்த ஒலிப்பதிவுகளில் பாடகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறதே, அதை நீக்கமாட்டார்களா?
— வாசகி, திருச்சி

நீக்கினால் பாட்டு செத்துப்போகும். மூச்சுதான் அவர்களுக்குத் தாளக்காரர்.

எங்கள் கோயிலில் ஒரு சித்திரை மாதம் கேசட்டுக்காகப் பதிவு செய்தோம். சத்தம் வருகிறதென்று மின்விசிறிகளை நிறுத்தினார்கள். வியர்வையில் பாட்டுத்தாள் கையோடு ஒட்டிக்கொண்டது. கடைசிச் சரணத்தில் கூரையில் காகம் கரைந்தது. மறுபடி முதலிலிருந்து. நான்காம் முறை பாடி முடித்து ஆர்மோனியத்தைத் தொட்டால் நாங்கள் அரைச்சுரம் கீழே இறங்கியிருந்தோம்! துணையில்லாமல் பாடினால் சுருதி நழுவும்; நழுவிய துண்டை நழுவாத துண்டோடு ஒட்டவும் முடியாது. காகத்தோடேயே கேசட் வெளிவந்தது.

இடம் தேடி மலையேறியவர்களும் உண்டு. 2014-இல் கலைந்துபோன இங்கிலாந்தின் ஹில்லியர்ட் குழுவில் நான்கே ஆண் குரல்கள் இருந்தன. நார்வேயின் யான் கார்பரெக் சாக்ஸஃபோனோடு அவர்கள் சேர்ந்த 'அஃபீசியம்' இசைத்தொகுப்பு 1994-இல் வந்தது. பதிவானது ஆஸ்திரியாவின் செயின்ட் கெரோல்ட் மடத்தில். அந்தக் கற்சுவர்களை ஐந்தாவது பாடகர் என்பேன், சாக்ஸஃபோன் கோபித்துக்கொள்ளாவிட்டால்.

புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்? நாங்களும் ஐந்து நண்பர்கள் சேர்ந்து பாட ஆசைப்படுகிறோம்.
— வாசகர், நாகர்கோவில்

டேவிட் லாங் எழுதிய 'தி லிட்டில் மேட்ச் கேர்ள் பேஷன்'. 2008-இன் புலிட்சர் பரிசு இதற்குத்தான். குளிரில் தீக்குச்சி விற்ற ஏழைச் சிறுமியின் கதை, ஆண்டர்சன் எழுதியது, பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பழைய ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக், இயேசுவின் பாடுகளை (சிலுவைத் துன்பங்களை) இசைத்த முறையில் லாங் அந்தச் சிறுமியின் பாடுகளை வைத்திருக்கிறார். பால் ஹில்லியர் நடத்திய 'தியேட்டர் ஆஃப் வாய்சஸ்' குழுவின் பதிவைத் தேடுங்கள். நான்கு பேரே பாடுகிறார்கள், தாளக்கருவிகளையும் அவர்களே தட்டுகிறார்கள். இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஐவர் குழு விஷயம்: கடிதத்தில் இருவர் சொப்ரானோ, ஒருவர் ஆல்ட்டோ, இருவர் டெனர் என்று எழுதியிருக்கிறீர்கள். பேஸ் யார்? நாகர்கோவிலுக்கு இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான்.