உலகில் மனிதர்களே குடியிருக்காத இடங்கள் உண்டா? ஏன் அங்கே யாரும் குடியேறவில்லை?

நிறையவே உண்டு. பெரும்பாலும் தண்ணீர் இல்லாததும் கடுங்குளிரும்தான் காரணம்.

எங்கள் வேலூர்ப் பக்கம் பாலாறு வருஷத்தில் பல மாதம் வெறும் மணல்தான். ஆனாலும் கரையோரம் ஊர்கள் இருக்கின்றன. சின்ன வயதில் பாட்டியோடு போய் மணலைத் தோண்டுவோம். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டும், கொஞ்ச நேரத்தில் கலங்கலாக ஊறும். தெளிந்ததும் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். அடியில் தண்ணீர் இருக்கும்வரை ஊர் காலியாகாது.

அண்டார்டிகாவில் நிலைமை வேறு. சுமார் 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர், கண்ணுக்கெட்டியவரை பனிக்கட்டி. பயிர் இல்லை, ஆடு மாடு இல்லை. நம் நாட்டின் மைத்ரி, பாரதி நிலையங்களில் இருப்பவர்கள்கூட ஆய்வுக்காகப் போய்த் திரும்புகிறவர்கள்தான்.

என்னை ரொம்பப் பாதித்தது கனடாவின் டெவன் தீவு. சுமார் 55,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. உலகில் ஆளில்லாத தீவுகளில் இதுவே பெரியது. 1934இல் இனூயிட் குடும்பங்களை அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். குளிருக்குப் பழகிய மக்கள்தான், ஆனாலும் 1936இல் கிளம்பிவிட்டார்கள். இப்போது கோடையில் ஆய்வாளர்கள் வருகிறார்கள். அங்குள்ள ஹாட்டன் பள்ளத்தின் தரை செவ்வாய்க் கிரகத்தைப் போல இருப்பதால், விண்வெளிப் பயணத்துக்கான கருவிகளை அங்கே சோதிக்கிறார்கள்.

அப்புறம் அரேபியாவின் ரப் அல் காலி பாலைவனம். பெயருக்கே 'வெற்றுக் கால் பங்கு' என்றுதான் பொருள். நடுப்பகுதியில் நிலையான ஊர் கிடையாது, ஓரங்களில் மட்டும் பெதுவின் மக்கள் கிணறுகளை நம்பி ஒட்டகத்தோடு நடமாடிவந்தார்கள்.