சங்கப் பாடலை இன்னொருவர் நூல்வழி அறிந்தால், ஆய்வேட்டில் எதைச் சான்றாகக் காட்டுவது?

புறநானூற்று அடியொன்றைத் திறனாய்வு நூல் ஒன்றில் பார்த்து எடுத்தாளும்போது எந்த நூலைக் குறிப்பிடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எதைப் படித்தீர்களோ அதையே குறிப்பிட வேண்டும். திறனாய்வு நூலை மட்டும் படித்துவிட்டு, உ.வே. சாமிநாதையர் 1894இல் வெளியிட்ட பதிப்பைத் துணைநூற்பட்டியலில் சேர்ப்பது படிக்காததைப் படித்ததாகச் சொல்வதாகும்; அத்திறனாய்வு நூலில் அடி பிழையாக அச்சாகியிருந்தால், அப்பிழையும் உங்கள் ஆய்வேட்டுக்குள் வந்துவிடும். அமெரிக்க உளவியல் கழகம் வகுத்த சான்று காட்டும் முறையான ஏபிஏ நடையின் 7ஆம் பதிப்பும் இத்தகைய இடத்தில் மூலநூலைக் கட்டுரைக்குள் சுட்டி, அது இன்னாரது நூலில் எடுத்தாளப்பட்டது என்று எழுதி, பட்டியலில் நீங்கள் படித்த நூலை மட்டும் தருமாறு சொல்கிறது.

ஆனால் புறநானூற்றுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. உரையுடன் கூடிய பதிப்புகள் நூலகங்களிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் கிடைப்பதால், பாடலை நேரே பார்த்துவிடுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால், பாடல் எண்ணையும் அடி எண்ணையும் (புறநா. 192: 1) என்பதுபோலத் தருவதே வழக்கம். எனினும் பாடவேறுபாடுகள், அதாவது ஒரே அடியின் சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவது, உண்டு. ஆகவே எந்தப் பதிப்பு, யாருடைய உரை, எந்த ஆண்டு என்பவற்றைப் பட்டியலில் விடாமல் எழுதுங்கள். பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது தலைப்பெழுத்தை விடுத்து இயற்பெயரை நோக்குங்கள்: சாமிநாதையர், உ.வே. என்பது ‘சா’வின்கீழ் வரும்.