யாரையும் நம்ப முடியவில்லை. கலிஃபோர்னியா ஓட்டுச்சீட்டை எப்படி நிரப்புவது?

கேள்வி கேட்டவர் சான் ஹோசேயில் இருக்கிறார். சிட்டிசன்ஷிப் வாங்கி இரண்டு வருடம் ஆகிறதாம். வேட்பாளர்களில் ஒருவரையும் பிடிக்கவில்லை, போதாததற்குப் பத்துப் பிரபோசிஷன் (சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போடுவது; சுருக்கமாக 'ப்ராப்') வேறு, படித்தாலும் தலை சுற்றுகிறது, பேசாமல் ஓட்டுச்சீட்டைக் குப்பையில் போட்டுவிடட்டுமா என்கிறார்.

2022-ல் நான் அப்படிக் குப்பையில்தான் போட்டேன். தபாலில் வந்து மூன்று வாரம் சமையலறை மேடையில் கிடந்த ஓட்டுச்சீட்டு உறை, கடைசியில் பீட்சா கூப்பன்களோடு சேர்ந்து தொட்டிக்குப் போனது. காரணம் எங்கள் ஊர் கவுன்சிலர் ஒருவர். 2020-ல் அவருக்காக மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து போன் போட்டுக் கொடுத்தேன். வாசல் புல்லில் அவர் பெயர் போட்ட போர்டையும் நட்டேன். பையன் பள்ளிக்குப் போகும் முனையில் சிக்னல் வைப்பேன் என்று சொல்லியிருந்தார். வைக்கவில்லை. கவுன்சில் கூட்டத்துக்கே போனேன். பொதுமக்கள் பேச ஆளுக்கு இரண்டு நிமிடம். எழுதி வைத்து, வீட்டில் நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டுப் போய்ப் பேசினேன். அந்த இரண்டு நிமிடமும் மனிதர் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு விட்டது ஆசை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜனாதிபதி ஓட்டைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இந்த மாநிலத்தில் குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளர் கடைசியாக ஜெயித்தது 1988-ல். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க இந்த மாநிலம் அனுப்பும் 54 பிரதிநிதிகளும் (எலெக்டர்கள்) எந்தப் பக்கம் போவார்கள் என்பது ஊருக்கே தெரியும். நீங்களும் நானும் அங்கே உப்புக்குச் சப்பாணிதான். (2024-ல் திருவாரூர்ப் பக்கமிருந்து பெரியப்பா போன் போட்டு, கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காக அர்ச்சனை நடக்கிறது, நீ என்ன செய்கிறாய் என்று அதட்டினார். இங்கே அவர் எப்படியும் ஜெயிப்பார், அர்ச்சனையை, எந்தப் பக்கம் சாயும் என்றே தெரியாத பென்சில்வேனியா பேரில் செய்யச் சொல்லுங்கள் என்றேன்.)

உங்கள் ஓட்டுக்கு நிஜமாகவே எடை இருப்பது சீட்டின் பின்பக்கத்தில், அந்தப் ப்ராப்களில். நான் தலைப்பை நம்புவதில்லை. யார் எழுதியது, யார் காசு போட்டது என்று பார்ப்பேன். 1911-ல் ஹைரம் ஜான்சன் கவர்னராக இருந்தபோது வந்த ஏற்பாடு இது. ஒரு ரயில் கம்பெனி சட்டசபையையே சட்டைப்பையில் வைத்திருந்த காலம். சட்டசபை செய்யாததை ஜனங்களே செய்துகொள்ளட்டும் என்று கொண்டுவந்தார்கள். இன்றைக்குக் கம்பெனிகளே அந்த வழியாக வருகின்றன. 2024-ல் ஒரு சட்டத்தைச் சீட்டில் ஏற்ற 5,46,651 வாக்காளர் கையெழுத்து போதுமாக இருந்தது. கடை வாசலில் அட்டையை நீட்டி 'வாடகை குறையும் சார்' என்பவர் பெரும்பாலும் கூலிக்கு நிற்கிறார். ஐஸ்கிரீம் உருகுகிறதே என்ற அவசரத்தில் எதற்கென்றே பார்க்காமல் நானும் ஒரு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

2024-ல் ப்ராப் 34 வந்தது. மருந்து வருமானத்தை நோயாளிகளுக்கே செலவிட வேண்டும் என்று தலைப்பு. யார் வேண்டாம் என்பார்கள்? உள்ளே படித்தால், பத்து வருடத்தில் நோயாளி சிகிச்சை அல்லாத வேலைக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்க வேண்டும், கூடவே 500-க்கு மேல் கடுமையான பாதுகாப்பு மீறல்கள் உள்ள குடியிருப்புகளையும் நடத்தியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட அமைப்புக்குத்தான் இது பொருந்துமாம். ஜாடையாகச் சொன்னாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும்: எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன். 2018, 2020, 2024 என்று மூன்று தடவை வாடகைக் கட்டுப்பாட்டு ப்ராப்களுக்குப் பணம் கொட்டிய அமைப்பு அது. 34-க்குப் பின்னால் நின்றது கலிஃபோர்னியா அபார்ட்மென்ட் அசோசியேஷன். வீட்டு ஓனர்கள் சங்கத்துக்கு மருந்து மேல் என்ன திடீர் அக்கறை? அந்த அமைப்பு ஒன்றும் பத்தரை மாற்றுத் தங்கமில்லை. ஆனாலும் ஒரே ஆளைக் குறிவைத்துச் சட்டம் எழுதுவதற்கு என்னால் 'ஆம்' போட முடியவில்லை. மயிரிழையில் ஜெயித்தது. அதே சீட்டில் இருந்த 33, வாடகைக் கட்டுப்பாடு, தோற்றது. பதினோரு வருடம் வாடகை வீட்டில் இருந்த ஞாபகத்தில் 33-க்கு 'ஆம்' போட்டேன். கட்டுப்பாடு வந்தால் புது வீடே கட்ட மாட்டார்கள் என்று மனைவி 'இல்லை' போட்டாள். அவள் சொன்னதும் தப்பில்லை.

சந்தேகம் வந்தால் 'இல்லை' போடுங்கள். மக்கள் ஓட்டில் வந்த சட்டத்தை, அதுவே இடம் கொடுத்தால் தவிர, சட்டசபையால் தானாகத் திருத்த முடியாது. 2020-ல் ஊபர், லிஃப்ட் வகையறா 20 கோடி டாலருக்கு மேல் இறக்கி, டிரைவர்களை ஊழியர்களாகக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்ற ப்ராப் 22-ஐ ஜெயிக்க வைத்தன; அதைத் திருத்த எட்டில் ஏழு பங்கு உறுப்பினர்கள் வேண்டும் என்று உள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். எட்டில் ஏழு! அவ்வளவு பேர் ஒன்றாகக் கை தூக்கி நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அரசு கடன் வாங்க அனுமதி கேட்கும் கடன் பத்திர ப்ராப் என்றால் வீட்டுக் கடன் மாதிரி கணக்குப் போடுவேன். 2024-ல் வந்த ப்ராப் 2, பள்ளிக் கட்டடங்களுக்கு 1,000 கோடி டாலர். மாநிலம் அனுப்பும் வாக்காளர் கையேட்டில் சட்டசபை ஆய்வாளர் அலுவலகம் செலவுக் கணக்கு எழுதும் பகுதியைப் பார்த்தால், வருடம் சுமார் 50 கோடி வீதம் 35 வருடம் கட்ட வேண்டும் என்று இருக்கும். பெருக்கினால் 1,750 கோடி. அப்படியும் 'ஆம்' போட்டேன். பையன் பள்ளிக் கூரை ஒழுகுகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் படியுங்கள், சாதக பாதக வாதங்களில் பெரிய எழுத்தில் கத்துவதையெல்லாம் விடுங்கள்.

அதே சீட்டில் இருந்த ப்ராப் 6 இன்னும் உறுத்துகிறது. சிறையில் கட்டாய வேலையை ஒழிப்பது. கையேட்டில் எதிர்வாதம் எழுதக்கூட யாரும் வரவில்லை; ஆனால் தோற்றது. பக்கத்து நெவாடாவில் அதே நாளில் ஏறக்குறைய அதே விஷயம் ஜெயித்தது. அங்கே சீட்டில் 'அடிமைமுறை' என்ற சொல் இருந்தது. இங்கே 'இன்வாலண்டரி சர்விட்யூட்' என்று மட்டும் இருந்தது. அம்மாவும் சிட்டிசன்தான். என்னடா இது என்று கேட்டார். கொத்தடிமை மாதிரி என்றேன். 'அதை அப்படியே எழுதியிருக்கலாமே' என்று சொல்லிவிட்டு, உறையில் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

புரியாத ப்ராப், கேள்விப்படாத நீதிபதி, இதையெல்லாம் காலியாக விடலாம். சீட்டு செல்லாமல் போகாது, மற்ற ஓட்டெல்லாம் எண்ணப்படும்.

வேட்பாளர்களில் உள்ளூர் ஆட்களை மட்டும் தோண்டிப் பார்ப்பேன். நோட்டீஸைப் படிக்க மாட்டேன். கவுன்சில் கூட்டக் குறிப்புகளில் யார் எதற்குக் கை தூக்கினார்கள் என்று பார்ப்பேன். 2024-ல் நம்ம கவுன்சிலர் மறுபடி நின்றார். கறுப்பு மையால் எதிராளியின் வட்டத்தை நிரப்பியே தீருவது என்ற முடிவோடு, ஆதாரம் தேடித்தான் குறிப்புகளைத் திறந்தேன். நான் பேசி எட்டு மாதம் கழித்து அந்தச் சிக்னல் ஓட்டெடுப்புக்கு வந்திருக்கிறது. 4-3 என்று தோற்றிருக்கிறது. ஆதரவாக விழுந்த மூன்றில் ஒன்று அவருடையது. எதிராளியின் பெயர், அவர் உறுப்பினராக இருந்த ஊர்த் திட்டக் கமிஷனின் குறிப்புகளில் இருந்தது, பாதிக் கூட்டங்களுக்கு 'வரவில்லை' என்று.

கவுன்சிலருக்கே போட்டேன். வாசலில் போர்டு மட்டும் இந்தத் தடவை வைக்கவில்லை.