வாசகர் கேள்வி – பதில்: குளித்த நீருக்கு ஒரு சல்லடை

கேள்வி (கொளத்தூர் வாசகர்): எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள் உள்ளன. கோடை வந்தால் லாரித் தண்ணீருக்கே சங்கத்தின் பணம் கரைந்துவிடுகிறது. மெம்பரேன் பொருத்திய சுத்திகரிப்பு நிலையம் அமைத்தால் கழிவுநீர் முழுவதையும் திரும்பப் பயன்படுத்தலாம் என்கிறார் ஒரு விற்பனையாளர். நம்பலாமா?

பதில்: மெம்பரேனைப் பற்றி அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; ‘முழுவதையும்’ என்ற சொல்லில்தான் எனக்கு ஐயம்.

முதலில், அழுக்கைத் தின்பது மெம்பரேன் எனும் சவ்வு அன்று. காற்று ஊதப்படும் தொட்டியில் பெருகி வாழும் நுண்ணுயிரிகளே கழிவைத் தின்று தீர்க்கின்றன; சவ்வின் வேலை அந்த நுண்ணுயிரிகளையும் சேற்றையும் தொட்டியிலேயே நிறுத்திவிட்டு நீரை மட்டும் வெளியே விடுவது. அப்படிப்பட்ட தொட்டி ஒன்றை எட்டிப் பார்த்தால், காபித்தூள் நிறத்தில் நுரைக்கும் நீருக்குள் இடியாப்ப இழைகளைப் போல வெள்ளைக் குழல்கள் கற்றை கற்றையாக ஆடிக்கொண்டிருக்கும். இவைதான் சவ்வு; ஒவ்வொரு இழையும் உள்ளே துளையுள்ளது. அதன் சுவரில் உள்ள கண்கள் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு என்பதால், பம்பு மெல்ல உறிஞ்சும்போது பாக்டீரியாக்கள் வெளியே தங்கிவிடத் தெளிந்த நீர் மட்டும் உள்ளே வருகிறது. சேறு தானாகப் படியும்வரை காத்திருக்கத் தனித் தொட்டி வேண்டாம் என்பதால் இடம் பெரிதும் மிச்சமாகும். கார் நிறுத்தவே இடமில்லாத நம் பகுதிகளுக்கு அது சிறிய லாபமன்று.

இனி கணக்குக்கு வருவோம். வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவைக் கொண்டால், அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாக வெளியேறுவதால் உங்கள் கட்டடம் தரும் கழிவுநீர் ஏறத்தாழ 10,000 லிட்டர். ஆனால் சுத்திகரித்த நீரை எங்கே ஊற்றப் போகிறீர்கள்? குடிக்கவோ சமைக்கவோ குளிக்கவோ அது ஆகாது. தோட்டம் என்று சொல்லிக்கொள்ள நான்கு செம்பருத்திச் செடிகளுக்கு மேல் இருக்காது என்றே நினைக்கிறேன். எஞ்சுவது கழிப்பறை ஃப்ளஷ். அதற்கு அந்த 135 லிட்டரில் ஒதுக்கப்படுவது 30 லிட்டர். உங்கள் 96 பேருக்கும் சேர்த்து 3,000 லிட்டருக்குச் சற்றே குறைவு. அதே கணக்கில் குளியலுக்கு ஆளுக்கு 55 லிட்டர், அதாவது 5,000 லிட்டருக்கு மேல். ஆக, குளித்த நீரை மட்டும் பிரித்தெடுத்தாலே ஃப்ளஷ் தேவை முழுவதும் நிறைவேறி மிச்சமும் இருக்கும். கழிப்பறைக் கழிவு இப்போது போலவே பாதாள சாக்கடைக்குப் போகட்டும். ஒரு சதுர மீட்டர் சவ்வு மணிக்கு 15 லிட்டர் தருவதாக வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 10,000 லிட்டருக்கு 30 சதுர மீட்டருக்குச் சற்றே குறைவாகத் தேவைப்படுவது, 3,000 லிட்டருக்குப் பத்து சதுர மீட்டரில் முடிந்துவிடும்.

இதற்கு உங்கள் கட்டடம் ஒத்துழைக்க வேண்டும். பழைய கட்டடங்கள் பலவற்றில் குளியலறைக்கு ஒன்றும் கழிப்பறைக்கு ஒன்றுமாக இரண்டு குழாய்கள் சுவரோரம் தனித்தனியே இறங்கும். புதியவற்றில் இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்துவிடுவதும் உண்டு. விலை பேசுவதற்கு முன் ஒரு பிளம்பரை அழைத்து இதைப் பார்த்துவிடுங்கள். மேலே தனித் தொட்டியும், குடிநீர்க் குழாயுடன் எங்கும் இணையாத தனிக் குழாயும் கட்டாயம். சவ்வைத் தாண்டி வந்த நீரிலும் தொட்டியில் தேங்கும்போது கிருமி மீண்டும் வளரக்கூடும் என்பதால் சிறிது குளோரின் சேர்க்க வேண்டும்.

சவ்வுக்கு முதல் எதிரி தலைமுடி. இழைகளைச் சுற்றிச் சடையாகப் பின்னிக்கொண்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே ஓரிரு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை முன்னால் இருக்க வேண்டும். அடுத்தது எண்ணெய்: வஞ்சிரம் வறுத்த சட்டியைக் கழுவிய நீர் இந்தப் பக்கமே வரக்கூடாது. சோப்பும் சேறும் அடைக்கும்போது ஹைப்போகுளோரைட் கரைசலாலும், போர்வெல் நீரின் சுண்ணாம்பு படியும்போது சிட்ரிக் அமிலத்தாலும் கழுவ வேண்டும். மின்தடை மணிக்கணக்கில் நீடித்தால் காற்றின்றி நுண்ணுயிரிகள் வாடி நாற்றம் கிளம்பும் என்பதால் காற்று ஊதும் ப்ளோயருக்கு ஜெனரேட்டர் இணைப்பு தேவை. சவ்வு அடைபடுவதைக் காட்டிக்கொடுக்கும் அழுத்தமானியைத் தினமும் பார்த்து எழுதி வைக்க ஒருவர் கிடைப்பாரா என்பதைச் சங்கக் கூட்டத்தில் முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இதில் இறங்காதீர்கள். இன்னொன்று: தொட்டிக்குள் எக்காரணம் கொண்டும் ஆளை இறக்காதீர்கள். நச்சு வாயு நொடியில் கொல்லும். பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்கிக் கழிவைச் சுத்தம் செய்யவைப்பது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படியும் குற்றம்.

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகி): வீட்டில் இருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்திலேயே துணி துவைத்த நீரைச் சுத்தம் செய்ய முடியாதா?

பதில்: வேண்டாம், அம்மா. உப்பைப் பிரிப்பதற்கான அந்தச் சவ்வு மிக நெருக்கமானது. சோப்பும் பஞ்சும் அதைச் சில நாட்களிலேயே அடைத்துவிடும். அந்த இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீரை ஒரு வாளியில் பிடித்து, தரை துடைக்கவும் கழிப்பறைக்கு ஊற்றவும் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு கூடியிருக்குமே தவிர அது அழுக்கு நீரன்று.

கேள்வி (வியாசர்பாடி வாசகர்): கொடுங்கையூரில் சாக்கடை நீரை ஆர்.ஓ. செய்கிறார்களாமே, அது நம் குழாயில் வருகிறதா?

பதில்: வரவில்லை. 2019இல் இயங்கத் தொடங்கிய அந்த நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். ஏற்கெனவே ஒருமுறை சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் அங்கே முதலில் நுண்சவ்வையும் பிறகு ஆர்.ஓ. சவ்வையும் கடந்து, மணலி, எண்ணூர்ப் பகுதித் தொழிற்சாலைகளுக்குத் தனிக் குழாயில் செல்கிறது. மணலியின் பெரிய ஆலைகளுக்கு இது புதிதுமன்று. 1990களிலேயே கொடுங்கையூர் நீரை வாங்கித் தங்கள் வளாகத்திலேயே ஆர்.ஓ. செய்துகொண்டவர்கள் அங்கே உண்டு.