18 ஜூவல்ஸ் வாட்சில் 36 வைரம் இருக்குமா? பழைய பியாஜே வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

1970-களின் பியாஜே (ஸ்விஸ் வாட்ச் கம்பெனி), தங்கப் பட்டை, லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லில் டயல், சுற்றிலும் 36 வைரம். ஆனால் விவரத்தில் '18 ஜூவல்ஸ்' என்று இருக்கிறது, அப்படியானால் போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். இந்தக் குழப்பத்தால் நல்ல வாட்சைக் கைவிட்டவர்களும் உண்டு, மட்டமானதை வாங்கியவர்களும் உண்டு என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜூவல்ஸ் என்பது மெஷினுக்குள், சக்கரங்களின் அச்சு முனை சுழலும் இடத்தில் வைக்கும் செயற்கை மாணிக்கம். உராய்வு குறையும், எண்ணெய் இடத்திலேயே நிற்கும். 1902-இல் செயற்கை மாணிக்கம் செய்யும் வெர்னுய் முறை வந்த பிறகு இந்தக் கற்கள் மலிவாகிவிட்டன. நகை மதிப்பு கிடையாது. எச்.எம்.டி. டயலில் '17 ஜூவல்ஸ்' என்று பார்த்திருப்பீர்களே, அதேதான். வெளியே பதித்த வைரம் இந்தக் கணக்கில் சேராது.

18 என்ற எண் உண்மையில் நல்ல அடையாளம். பியாஜேயின் 9பி (9P) மெஷின் 18 கல் கொண்டது. கையால் சாவி கொடுப்பது, 1957-இல் வந்தது, தடிமன் வெறும் 2 மி.மீ. மெஷின் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால்தான் 1960-களில் கல்லையே சீவி டயலாக வைக்க முடிந்தது. ஆகவே மூடி திறந்த மெஷின் படத்தை முதலில் கேளுங்கள். சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடான பிரிட்ஜில் பியாஜே பெயரும் 9P என்பதும் தெரிய வேண்டும். வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைமிங் மெஷினில் வைத்த பதிவு கொடுத்தால், மணிக்கு 19,800 துடிப்பு என்று அமைத்து எடுத்ததா என்று பாருங்கள்.

கையில் எடுத்துப் பார்க்க வழியில்லாமல் படத்தை நம்பித்தான் வாங்கப்போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் வைரத்தை விட்டுவிட்டு முதலில் டயலைப் பாருங்கள். வைரம் போனால் வேறு பதிக்கலாம். அந்தக் கல் டயல் போனால் போனதுதான். கற்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் (வைரம் 10) லாபிஸ் 5 முதல் 5.5, மலக்கைட் என்ற பச்சைக் கல் 3.5 முதல் 4, பவளம் அதற்கும் கீழே போகும். முள்ளைப் பொருத்தும்போது நடுத்துளையில் அழுத்தம் கூடினால், அங்கிருந்து விளிம்பு நோக்கி மயிரிழை விரிசல் ஓடும். லாபிஸில் இயற்கையாகவே வெள்ளைக் கால்சைட் நரம்பு இருப்பதால், விற்பவர் விரிசலையும் நரம்பு என்பார். பிரித்தறிய ஒரு வழி: டயல்மேல் விளக்கொளி பிரதிபலிக்கும்படி சாய்த்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நரம்பின் மேல் ஒளிக்கோடு உடையாமல் போகும். விரிசலில் வெட்டுப்பட்டு நிற்கும். பசை போட்டு மூடிய விரிசல் பல நேரம் புற ஊதா விளக்கில் பால்போல ஒளிரும். கால்சைட்டும் சில சமயம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சாயம் போட்ட கல்லா என்று பார்க்க அசிட்டோன் பஞ்சால் துடைக்கும் பழக்கம் கல் வியாபாரத்தில் இருக்கிறது. டயலில் அதைச் செய்யவே கூடாது, அச்சிட்ட பெயர் கரைந்துவிடும். மலக்கைட் டயலாக இருந்தால் அமிலம் கலந்த எந்தத் திரவமும் கிட்டே வரக் கூடாது.

அடுத்து வைரம். 2 மி.மீ. விட்டமுள்ள வைரம் சுமார் 0.03 காரட். 36 கல் என்றால் ஒரு காரட்டைச் சற்றுத் தாண்டும். 'மூன்று காரட்' என்று எழுதியிருந்தால் அங்கேயே கேள்வி கேளுங்கள். பிற்பாடு பதித்த வேலையில் கல்லைப் பிடிக்கும் மணிகள் ஒன்றுபோல இருக்காது, கற்கள் சாய்ந்திருக்கும், வைரம் பதித்த வளையத்தின் உட்புறத் துளைகள் முரடாக இருக்கும். வெப்பம் பார்க்கும் சாதாரண டெஸ்டர், வைரம்போலத் தெரியும் செயற்கைக் கல்லான மாய்சனைட்டையும் வைரம் என்றே காட்டும். பத்து மடங்கு லென்ஸில் சாய்த்துப் பார்த்தால் மாய்சனைட்டின் பின்பக்க வெட்டு விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். அது நகைச் சந்தைக்கு வந்ததே 1990-களின் கடைசியில். 1970-களின் வாட்சில் இருந்தால் மாற்றிய கல்.

உறையின் உட்பக்கம் 0,750 என்ற எண்ணும், ஹெல்வெடியா என்ற பெண் தலை முத்திரையும் வேண்டும். 1995-க்கு முந்தைய ஸ்விஸ் 18 காரட் முத்திரை அதுதான். செயின்ட் பெர்னார்ட் நாய்த் தலை இருந்தால் அது 1995-க்குப் பிந்தைய முத்திரை, 1970-களுக்குப் பொருந்தாது.

பட்டையின் உள்சுற்றளவை மி.மீ. கணக்கில் கேளுங்கள். பின்னல் பட்டை உறையோடு ஒட்டியது. ஒருமுறை வெட்டிக் குறைத்தால் அதே பின்னலில் ஒட்டுப்போட ஆள் கிடைப்பது கடினம். சூடு வைத்த இடம் விறைத்து, வளையாமல் நிற்கும். பாலிஷ் போட்டுப் பளபளக்கும் பட்டையும் வேண்டாம். பட்டைமேல் கையால் கீறிய வரிகள் மழுங்கினால் திரும்ப வராது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸுக்கு 850 டாலர் தொட்டபோதும், பின்னால் விலை ஏறியபோதெல்லாமும், இப்படிப்பட்ட பட்டைகள் உருக்கும் உலைக்குப் போயின. பின்னிய கையின் வேலைக்கு ஒரு காசு மதிப்பில்லாமல், எடைக்கு எடை. 'பெண்கள் வாட்ச்தானே' என்று சேகரிப்பாளர்களே ஒதுக்கியதும் இதற்குக் காரணம். 2 மி.மீ. மெஷின் செய்வது ஆண் கைக்கென்றால் சாதனை, பெண் கைக்கென்றால் அலங்காரமா? வியாபாரிகள் எல்லாரையும் குறை சொல்லவில்லை. உருக்காமல் காத்தவர்களும் அவர்களில் உண்டு.

வாங்கிவிட்டால், சர்வீசுக்குக் கொடுக்கும்போது எழுதியே கொடுங்கள்: முள்ளையும் டயலையும் கழற்றிய பிறகே எந்தச் சுத்தமும், டயலோடு அல்ட்ராசானிக் (ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும்) தொட்டியில் போடக் கூடாது, உறையைக்கூட, கற்கள் ஆடுகிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும். கழற்றிய திருகுகள் அதனதன் இடத்துக்கே திரும்ப வேண்டும். இவ்வளவு மெல்லிய மெஷினில் கொஞ்சம் நீளமான திருகு மாறிப் போனாலும் டயலைப் பின்னாலிருந்து முட்டும். கண்ணாடி மாற்றினால் உயரம் சரிபார்க்கச் சொல்லுங்கள், தாழ்ந்தால் முள் உரசி நிற்கும்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். இறுக்கம் தெரிந்ததும் விட்டுவிடுங்கள். கை கழுவுமுன் கழற்றி வையுங்கள், இதில் தண்ணீர்த் தடுப்பு என்று எதுவும் இல்லை.