பத்துக்குப் பத்து அறையில் லேப்டாப் வேலை: மும்பைத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

மும்பையில் சின்ன வீடுகளுக்கு மரவேலை, உள்ளமைப்பு செய்து கொடுப்பது என் தொழில். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஒன் ஆர்கே (ஒரு அறை, ஒரு சமையலறை), ஒன் பிஎச்கே (ஒரு படுக்கையறை, ஹால், சமையலறை) வீட்டுக்காரர்கள். எல்லோருக்கும் சேர்த்து முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போய் மேஜை பார்ப்பதற்கு முன் இஞ்ச் டேப்பை எடுத்து உங்கள் உடம்பை அளந்துகொள்ளுங்கள். அறையை அப்புறம் அளக்கலாம்.

செம்பூர், கணக்குப் பிரிவில் வேலை: அக்கா, டைனிங் டேபிளில்தான் வேலை செய்கிறேன். சாயங்காலம் ஆனால் பிடரியும் தோளும் கல்லாகிவிடுகின்றன. என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். நல்ல மேஜையாக வாங்கினால் சரியாகுமா?

ஆகாதும்மா. லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருக்கின்றன. கைக்கு வசதியாக வைத்தால் திரை தாழ்ந்து கழுத்து குனியும். கண்ணுக்கு வசதியாகத் தூக்கினால் தோள் ஏறிக்கொள்ளும். எந்த மேஜையில் வைத்தாலும் இதே கதைதான். இரண்டையும் பிரித்தால்தான் தீரும். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள், லேப்டாப்பை ஒரு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஒயர் உள்ள கீபோர்டு-மவுஸ் ஜோடி ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஸ்டாண்டுக்குப் பதில் கெட்டியான புத்தகங்களை அடுக்கினாலும் போதும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது கொஞ்சம் கீழே, கையை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். மேலே ஒரு பவர், கீழே ஒரு பவர் உள்ள கண்ணாடி போட்டிருந்தால் திரையை இன்னும் ஓரிரு அங்குலம் இறக்குங்கள். இல்லாவிட்டால் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்கத் தலையை அண்ணாந்து, கழுத்துவலி வேறு பக்கத்திலிருந்து வரும்.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டைனிங் டேபிள்கள் 29, 30 அங்குல உயரம். உங்கள் உயரத்துக்கு, பாதம் தரையில் பட உட்கார்ந்தால் முழங்கை தரையிலிருந்து ஏறக்குறைய 25 அங்குலத்தில்தான் இருக்கும். நாள் முழுக்கத் தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டைப் அடிக்கிறீர்கள், வலிக்காமல் என்ன செய்யும்? மேஜைக் காலை அறுக்க முடியாது, உட்காரும் இடத்தை உயர்த்துங்கள். தலையணை வேண்டாம், பத்து நிமிடத்தில் அமுங்கிவிடும். கெட்டியான ஃபோம் வெட்டி உறை தைத்துக்கொள்ளுங்கள். உயர்த்தியதும் பாதம் தொங்கும், தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். காலுக்கு வீட்டிலுள்ள மணைப்பலகையைப் போடுங்கள். உயரம் பற்றாவிட்டால் அடியில் பழைய செய்தித்தாளை ஒரு கட்டாகக் கட்டி வையுங்கள். இவ்வளவும் செய்து பார்த்த பிறகு புது மேஜை தேவையா என்று யோசிக்கலாம்.

தாராவி, டேட்டா என்ட்ரி: எங்கள் வீடு ஒரே அறை. மேலே போட்மாலா, அதாவது கூரைக்குக் கீழே பலகை போட்டுக் கட்டிய பரண். அங்கேதான் எனக்கு இடம், நிமிர்ந்து நிற்க முடியாது. தரையில் உட்கார்ந்து, மடியில் வைத்துத்தான் வேலை. ஏதாவது செய்ய முடியுமா அக்கா?

நிச்சயம் முடியும் தம்பி. தரையில் உட்காருவது தப்பே இல்லை. கூன் போட்டு உட்காருவதுதான் தப்பு. சம்மணம் போடும்போது முழங்கால் இடுப்பைவிட மேலே நின்றால் முதுகு தானாக வளையும். அதனால் உட்காரும் இடத்துக்குக் கீழே மட்டும் போர்வையை நான்கைந்து அங்குல உயரத்துக்கு மடித்துப் போடுங்கள். இடுப்பு உயர்ந்ததும் முதுகு நிமிர்வது உங்களுக்கே தெரியும். முதுகைச் சுவரோடு ஒட்டி, இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டிச் செருகிக்கொள்ளுங்கள்.

மடியில் கீபோர்டு மட்டும் இருக்கட்டும். லேப்டாப்பை வைக்க உங்கள் எதிரே ஒரு மடக்கு மேஜை, கட்டிலில் வைத்துச் சாப்பிடுவதற்கு விற்கிறார்களே அதுதான். அதன்மேல் ஒரு பெட்டி, பெட்டிமேல் லேப்டாப். அரைமணிக்கு ஒருமுறை காலை நீட்டுங்கள், முடிந்தபோதெல்லாம் கீழே இறங்கி நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள். அந்த இடத்தில் இதைத் தவிர்க்கவே முடியாது.

உங்கள் விஷயத்தில் முதுகைவிட எனக்குப் பெரிய கவலை சூடு. போட்மாலாவுக்கு மேலே தகரக் கூரையாக இருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் அங்கே அனல். பல லேப்டாப் நிறுவனங்கள் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள இடத்தில்தான் இயக்கச் சொல்கின்றன. மெத்தையிலோ போர்வையிலோ வைத்தால் பெரும்பாலான லேப்டாப்களில் காற்றை இழுக்கும் அடித்துளை அடைபட்டுவிடும். வேகம் குறையும், பேட்டரி சீக்கிரம் தேயும். ஃபேன் காற்று உங்கள்மேல் மட்டும் படாமல் லேப்டாப்பின் பக்கவாட்டிலும் படும்படி திருப்புங்கள். மதிய வேலையில் கொஞ்சத்தையாவது காலைக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

முலுண்ட், சாஃப்ட்வேர்: சுவரில் மடக்கி வைக்கும் மேஜை செய்ய நினைக்கிறோம். கார்பெண்டர் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) போதும் என்கிறார். சரியா மேடம்?

மும்பை மழைக்குச் சரிப்படாது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காற்றில் இருக்கும் ஈரம் பலகையின் ஓரங்கள் வழியாக ஏறும். பார்ட்டிகிள் போர்டு ஊறிப் பொருமும், ஸ்க்ரூ பிடி விட்டுவிடும். மடக்கு மேஜைக்கு உயிரே கீல் ஸ்க்ரூதான். 18 மில்லிமீட்டர் பிளைவுட் போடுங்கள். ஈரம் தாங்கும் பிடபிள்யூஆர் ரகம் போதும், சுவரில் கசிவு இருந்தால் இன்னும் அதிகம் தாங்கும் பிடபிள்யூபி. முந்தையதற்கு ஐஎஸ் 303, பிந்தையதற்கு ஐஎஸ் 710 என்று இந்தியத் தர எண்ணோடு பலகையிலேயே முத்திரை இருக்கும், பார்த்து வாங்குங்கள். மேலே சன்மைக்கா ஒட்டுபவர்கள் அடிப்பக்கத்தையும் நான்கு ஓரங்களையும் சும்மா விட்டுவிடுவார்கள். பக்கத்தில் நின்று அவற்றையும் மூடச் சொல்லுங்கள்.

ஆழம் 20 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். ஸ்டாண்டும் கீபோர்டும் முன்பின்னாக நிற்க அவ்வளவு வேண்டும். அகலம் 30 இருந்தால் மவுஸுக்கும் தாராளம். மாட்டும் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அது வெறும் தடுப்பு, பாரம் தாங்காது. மழைக்காற்று தென்மேற்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கத்து வெளிச்சுவரைத் தவிர்த்து உள்சுவராகப் பாருங்கள். வாடகை வீட்டில் துளை போட உரிமையாளர் விடமாட்டார் என்று டோம்பிவிலியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு இரும்புக்கால் மடக்கு மேஜைதான். வாங்கும்போது விரித்து, முன்விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றிப் பாருங்கள். ஆடினால் வேண்டாம்.

சயான் கோலிவாடா: மொத்தமே நாலாயிரம்தான் இருக்கிறது. நாற்காலி புதிதா, பழையதா?

பழையது. இந்தத் தொகைக்குக் கிடைக்கும் புது நாற்காலியைவிட, அலுவலகங்கள் கழித்துவிட்ட நல்ல நாற்காலி பல மடங்கு மேல். ஜோகேஸ்வரி மேற்கில் ஓஷிவாரா மரச்சாமான் சந்தையில் தேடுங்கள். அவசரப்படாமல் ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் உட்காருங்கள். முழு உயரத்துக்கு ஏற்றி உட்கார்ந்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் நாற்காலியை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டர் போய்விட்டது என்று அர்த்தம். பின்னால் சாய்ந்தபடி உட்கார்ந்தால் இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி உங்கள் மேஜைக்கு அடியில் போகுமா என்று அளந்துகொண்டு போங்கள். சின்ன அறையில் நாற்காலி உள்ளே போகாவிட்டால் வீட்டில் எல்லோரும் அதில் இடித்துக்கொள்வார்கள். மெஷ் (வலைத்துணி) கிழிந்திருந்தால் விட்டுவிடுங்கள், சக்கரம் உடைந்திருந்தால் பேரம் பேசி வாங்குங்கள். சக்கரம் மாற்றுவது எளிது.

வாஷி: ஜன்னலைப் பார்த்து உட்காரலாமா, முதுகைக் காட்டியா?

இரண்டும் வேண்டாம், ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். எதிரே இருந்தால் கண் கூசும், பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் அடிக்கும், வீடியோ காலில் முகமும் இருட்டாகத் தெரியும்.

காட்கோபர்: லேப்டாப், மானிட்டர், ரவுட்டர், எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். ஆபத்தா?

மூன்றும் மட்டும் என்றால் ஆபத்தில்லை. சார்ஜர் 65 வாட், 24 அங்குல மானிட்டர் 25 வாட், ரவுட்டர் 10 வாட், எல்லாம் சேர்ந்து நூறு. சாதாரண 6 ஆம்பியர் பிளக்குக்கு இது சிறு சுமை. அதே பெட்டியில் இஸ்திரிப்பெட்டியையோ இண்டக்‌ஷன் அடுப்பையோ யாராவது செருகும்போதுதான் வம்பு. இஸ்திரிப்பெட்டி ஒன்றே ஆயிரம் வாட் இழுக்கும், இண்டக்‌ஷன் அடுப்பு இரண்டாயிரம் வரை போகும், ஒயர் பழுத்துவிடும். பெட்டியைத் தரையில் போடாமல் மேஜைக்கு அடியில் திருகி மாட்டுங்கள். வீடு துடைக்கும் தண்ணீர் படாது, காலிலும் சிக்காது.

ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் அதை ஓடவைக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி, வைத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபர் 12 அன்று மும்பை முழுக்கக் கரண்ட் போனதே, அன்று லேப்டாப்பில் சார்ஜ் இருந்தும் நெட் இல்லாமல் கைகட்டி உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டுங்கா, மொழிபெயர்ப்பாளர், வயது 46: ராத்திரி தூக்கத்தில் வலது கை மரத்துப்போய் எழுந்துவிடுகிறேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ஊசி குத்துவது போல இருக்கிறது. கையை உதறினால் சரியாகிறது. கீபோர்டை மாற்றலாமா?

அக்கா, கீபோர்டை அப்புறம் பார்ப்போம், இந்த வாரமே எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பாருங்கள். மணிக்கட்டின் நடுவே ஒரு நரம்பு போகிறது. அது அழுந்தினால் இந்த மூன்று விரலும் மோதிர விரலில் பாதியும்தான் மரக்கும், சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் சொல்வது அதோடு பொருந்துகிறது. சர்க்கரை, தைராய்டு இருந்தாலும் இது வரும் என்பதால் அதையும் மருத்துவர் கேட்பார். ஆரம்பத்திலேயே போனால் பலருக்கு ராத்திரியில் மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொண்டாலே குறைகிறது. தள்ளிப்போட்டால் கட்டைவிரல் அடியிலுள்ள சதை வற்றி, பிடியில் பலம் குறையும்.

அதுவரை கீபோர்டின் பின்கால்களை மடக்கித் தட்டையாக வையுங்கள், அவை நின்றால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். மேஜையின் கூர்விளிம்பில் மணிக்கட்டை ஊன்றாதீர்கள். மருத்துவர் சொன்னதை எழுதி அனுப்புங்கள், அதற்கேற்ப மேஜை உயரத்தைக் கணக்குப் போட்டுத் தருகிறேன்.